தாழைமூட்டுப் பக்கத்துக் கம்பி

காற்றை அளக்க வந்திருக்கிறோம் என்றார்கள். நான் நம்பவில்லை. எங்கள் கடற்கரையில் காற்று என்ன அளந்து பார்த்து வாங்கவேண்டிய சரக்கா? ஆனி, ஆடியில் வந்து நின்றால் சேலையைப் பிடிக்க இரண்டு கை போதாது. அதை அளக்க ஒரு ஜீப், நாலு ஆள், கோயம்புத்தூரிலிருந்து ஒரு எஞ்சினியர் வேறு.

அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் என் கொழுந்தன், கணவரின் தம்பி. நிலமோ வீடோ பழைய லாரியோ, எது கைமாறினாலும் நடுவில் அவன் நிற்பான். மணவாளக்குறிச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் தென்னந்தோப்பும் வீடும் இருக்கின்றன. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுச்சொத்து. ஆனால் கொழுந்தன் மார்த்தாண்டத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். ஆக, தோப்பையும் வீட்டையும் கட்டிக்கொண்டு கிடப்பது நான் ஒருத்திதான். சன்னலோரம் மெஷினைப் போட்டு, மார்த்தாண்டத்துக் கடைகளுக்கு நைட்டி தைத்துக்கொடுக்கிறேன்.

ஒரு கம்பம் நடுவார்களாம். மூன்று தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத உயரமாம். உச்சியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் சுற்றுமாம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ அது காற்றைக் கணக்கெடுக்குமாம். காற்று தேறினால் ஆரல்வாய்மொழியில் நிற்கிற மாதிரி மின்சாரக் காத்தாடி இந்தப் பக்கமும் வரும், தோப்புக்கு வாடகை வரும், ஊருக்கே நல்லது என்று எஞ்சினியர் சொன்னான். நல்ல பையன் மாதிரிதான் தெரிந்தான். நல்ல பையன் மாதிரித் தெரிகிறவர்களிடம் எனக்குக் கூடுதல் எச்சரிக்கை உண்டு.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற நாலு பேரும் தோப்பில் அங்கங்கே தோண்டி, மண்ணை பிளாஸ்டிக் பைகளில் போட்டு, பைமேல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, காத்த அளக்க வந்தவியளுக்கு மண்ணு எதுக்கு?" என்று கேட்டேன்.

"கம்பம் நிக்கோணும்ல அக்கா. மண்ணு தாங்குமான்னு பாக்கோணுங்க."

"அதெல்லாம் தாங்கும். எடுத்ததை எடுத்த எடத்துல கொட்டுங்க."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கடைசிப் பையையும் உதறிக் காட்டும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். இங்கே மணலில் கருப்பு கலந்து கிடக்கிறது. கருமணலுக்கு விலை உண்டு. முறையாக எடுப்பது ஒரு பக்கம் நடந்தால், இருட்டோடு இருட்டாக அள்ளுகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் பிறந்த வீடும் கடற்கரை வீடுதான். சுற்றிலும் அள்ளினார்கள். யார் அள்ளுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். முதலில் கிணறு இறங்கியது. பிறகு அடுக்களைச் சுவர் வெடித்தது. ஒரு மழைக்கு அந்தச் சுவரே உட்கார்ந்துவிட்டது. அப்பா கோட்டாற்றில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார், அங்கேயே செத்தும் போனார். சொந்த வீட்டிலிருந்து அவரை எடுக்க முடியவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு வீடு, என் மகளுக்கும் இதுதான். அடியில் இருக்கும் மண் போனால் வீடும் போகும்.

ஜீப் போனபிறகு பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி ஒரு துணியில் சுற்றினேன். இது எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விளையாட்டு. மணலில் இழுத்தால் துணியெல்லாம் கருப்பாக முளைக்கும். தென்னை மூடுகளில் இழுத்தேன், லேசாகத்தான் ஒட்டியது. அடுக்களைக்குப் பின்னால் ஒரு தாழைமூடு, தாழம்புதர், உண்டு. அடர்ந்த முள், அதற்கு அப்பால் என்ன நடந்தாலும் வீட்டிலிருந்து தெரியாது. அங்கே இழுத்தபோது துணியில் தாடியே முளைத்துவிட்டது. அவ்வளவு கருப்பு.

சாயங்காலம் கணவர் போனில் வந்தபோது சொன்னேன். அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

"தாழைமூட்டுப் பக்கமா? அவ்வளவு இருக்கா?" என்றார். பிறகு, "ஏட்டி, நீ யார்ட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா" என்றார்.

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன். இத்தனை தூரத்தில் இருந்தாலும் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். தின்னக் கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டே குரலைத் தாழ்த்தினான். "மைனி, இவனுவ கண்ணு காத்துல இல்ல. மண்ணுலயாக்கும். நீங்க நெனச்சது சரிதான்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஊரே என்னைச் சந்தேகப்பிராணி என்று சொல்லும்போது, என்னைப்போல யோசிக்கிற ஒருவன் குடும்பத்திலேயே இருக்கிறான். "அப்பம், கம்பம் வேண்டாம்னு சொல்லிருவோம்" என்றேன்.

"வேண்டாம்னா பக்கத்துத் தோப்புல போய் நிப்பானுவ மைனி. ராவோட ராவா அங்கேருந்து இங்க தோண்டுனா நமக்குத் தெரியுமா? நம்ம முன்னால நின்னா நாம காவல் இருக்கலாம்லா."

அது நியாயமாகப் பட்டது. கள்ளன் கண்ணெதிரே நிற்பது எப்போதும் நல்லது. கணவரும் "உனக்குச் சரின்னா எனக்குச் சரி" என்று சொல்லிவிட்டார். தோப்பிலிருந்து ஒரு பிடி மண்கூட வெளியே போகக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். எஞ்சினியர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். ஒரு இரும்புத் தடியைத் தோப்பிலேயே அடித்து இறக்கிப் பார்த்துவிட்டு, போதும் என்றான். இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொள்கிறானே என்று எனக்கு அதுவே புதுச் சந்தேகமாகிவிட்டது.

கம்பம் எழுந்தது. அதைச் சாயாமல் பிடிக்க நான்கு பக்கமும் கம்பி இழுத்து, கம்பி முடியும் இடங்களில் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டார்கள். ஒரு கம்பி தாழைமூட்டுக்குப் பின்னால் போய் இறங்கியது. அந்தந்த இடத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, அபாயம் என்று பலகையும் வைத்தார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமென்றபோது கொழுந்தன் தானே ஏற்றுக்கொண்டான். வாரம் ஒருமுறை வந்து பார்த்தால் போதுமாம்.

"மைனி, அந்த வேலிப்பக்கம் போயிராதிய. கம்பியில கரண்ட் இருக்கு. தொட்டா பொசுக்கிரும்" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னான். அக்கறையான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அது செல்போன் டவர்தான், மறைத்து வைக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. உச்சியில் கேமரா இருக்கிறது, இனி கிணற்றடியில் குளிக்கமுடியாது என்றாள் இன்னொருத்தி. மழை மேகத்தைக் கலைக்கிற யந்திரம் என்று டீக்கடையில் ஒருவர் சத்தியமே செய்தார். நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். முட்டாள்கள், மண்ணை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

கம்பனி ஆட்கள் சோதனைக்கு வரும்போதெல்லாம் நான் தையலை விட்டு எழுந்துவிடுவேன். போகும்போது அவர்கள் பைகளைத் திறந்து காட்டவேண்டும். "பூட்ஸத் தட்டிட்டுப் போங்க தம்பி" என்பேன். எஞ்சினியர் ஒரு காலில் நின்று பூட்ஸைக் கழற்றி, உள்ளே புகுந்த மணலையும் என் தோப்பிலேயே தட்டிவிட்டுப் போவான். முகம் சுளிக்காமல் செய்வான். எவ்வளவு பழக்கப்பட்ட கள்ளன் என்று நினைத்துக்கொள்வேன்.

காற்று வந்தால் அந்த நான்கு கம்பிகளும் முனகும். முதல் மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை. போகப்போக அதுவும் மெஷின் சத்தம் போலப் பழகிவிட்டது. எந்தப் பக்கக் கம்பி எப்படிச் சத்தம் போடும் என்றுகூடத் தெரிந்துவிட்டது. தாழைமூட்டுக் கம்பிக்குத்தான் குரல் கூடுதல்.

நான் வீட்டை விட்டுப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்புக்கு எங்கள் கும்பிடும் இடமான நிழல்தாங்கலுக்குப் போய், கஞ்சி குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டு மத்தியானம் திரும்புவேன். கொழுந்தன் காவலுக்கு வரும் நாளும் அதுதான், அதனால் நிம்மதியாகப் போவேன். திரும்பும்போது சில நாள் அவனுடைய பிக்கப் வண்டி பின்பக்கத்து ஊடுவழியில் எதிரே வரும். கையைக் காட்டிவிட்டுப் போவான்.

கம்பம் வந்தபின் இரண்டாவது ஆனி மாதம். அன்றைக்கு நல்ல காற்று, தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிழல்தாங்கலிலிருந்து வந்து நடைக் கதவைத் திறக்கும்போது ஏதோ குறைவதுபோல இருந்தது. நின்று காது கொடுத்தேன். மூன்று கம்பிதான் முனகியது. தாழைமூட்டுக் கம்பியிடமிருந்து சத்தமே இல்லை.

கரண்ட் பயத்தில் நான் கிட்டே போகவில்லை. பலகையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். மறுநாளே எஞ்சினியர் வந்துவிட்டான். தாழையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான். பிறகு, "அக்கா, நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிட்டான்.

"கம்பியில கரண்ட் இருக்குல்லா?"

"இதுல ஏதுங்க கரண்டு? மேல ஒரு சின்ன சோலார் தகடு இருக்கு, அவ்வளவுதான்."

போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த ஓலைகளைப் பரப்பியிருந்தார்கள். அவன் ஓலையை இழுத்துப் போட்டான். கீழே ஆள் நின்றால் தலை தெரியாத ஆழத்துக்குக் குழி. கான்கிரீட்டின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது. ஊடுவழிவரை டயர் தடம் பழசும் புதுசுமாகப் பதிந்து கிடந்தது. நான் திரும்பி என் அடுக்களைச் சுவரைப் பார்த்தேன். சுவருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு இடம்தான் மிச்சம்.

"காவல் யாருங்க பாக்கறது?" என்று அவன் கேட்டான். நான் அவனுடைய பூட்ஸைப் பார்த்தேன். எத்தனை தடவை இவனை ஒற்றைக்காலில் நிற்கவைத்து பூட்ஸைத் தட்டச் சொன்னேன்! பின்பக்கத்து வழியாக மண் வண்டி வண்டியாகப் போயிருக்கிறது.

சாயங்காலம் கணவரின் போனுக்குக் காத்திருந்தேன். உங்கள் தம்பி செய்த காரியத்தைப் பாருங்கள் என்று கத்தவேண்டும் என்றிருந்தது. ஆனாலும் கூடப்பிறந்தவன் விஷயம். எடுத்த எடுப்பில் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார் என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"கம்பத்துக் கம்பி ஒண்ணு தளந்து கெடக்கு. எஞ்சினியர் வந்து பாத்துட்டுப் போனான்" என்றேன்.

"அய்ய, அதுக்குள்ள வந்துட்டானா?" என்றார். "தாழைமூட்டுக் குழிய இந்த வாரம் மூடிருவேன்னுதானே தம்பி சொன்னான்."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்தபோது அப்படியே மெஷின்முன் உட்கார்ந்துவிட்டேன். தாழைமூட்டில் கருப்பு இருக்கிறது என்று நான் இந்த உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். கம்பனிக்காரனைச் சந்தேகப்பட்டேன், அன்றைக்குக் காலையிலிருந்து கொழுந்தனையும் சபித்துக்கொண்டிருந்தேன். மஸ்கட்டில் இருப்பவரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

"கம்பின்னுதானே சொன்னேன்" என்றேன். "குழின்னு நான் எப்பம் சொன்னேன்?"

"ஏட்டி, மவ கல்யாணத்துக்கு ஆகுமேன்னுதான்..." என்று இழுத்தார்.

"கல்யாணம் முடிஞ்சு தாய்வீடுன்னு வந்தா அவ எங்க வந்து நிப்பா? அந்தக் குழியிலயா?"

நானே போனை வைத்தேன். அன்றைக்கு அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

கம்பத்தை இறக்க கம்பனி ஆட்கள் வந்தார்கள். "காத்து நல்ல காத்துங்க அக்கா. ஆனா இந்த மண்ண நம்பி இனி எதையும் நிறுத்த முடியாதுங்க" என்றான் எஞ்சினியர். உள்ளே தள்ளி வேறு இடம் பார்க்கிறார்களாம். நான் அவனிடம் ஒரு பிளாஸ்டிக் பை கேட்டு வாங்கி, அடுக்களைச் சுவரோரத்து மண்ணை என் கையாலேயே அள்ளி நிரப்பிக் கொடுத்தேன். வீடு நிற்குமா என்று பார்த்து உள்ளதைச் சொல் என்றேன். சில வாரம் கழித்துக் கூப்பிட்டான். குழியை உடனே நிரப்பி, கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவரும் கட்டினால் நிற்கும், ஆனால் இனி அங்கே ஒரு கூடை மண்கூட எடுக்கக்கூடாது என்றான். நிரப்பினேன், கட்டினேன். கொழுந்தன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

தாழைமூட்டுப் பக்கத்து முள்வேலியையும் பலகையையும் மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். மெஷினை எடுத்து அடுக்களைக்குள் போட்டேன். பின்சுவரில் சன்னல் ஒன்று வைத்து, தாழையையும் வெட்டிவிட்டேன். தைத்துக்கொண்டே நிமிர்ந்தால் வேலி நேராகத் தெரியும்.

அடுத்த மாதம் அவர் லீவில் வருகிறார். "கம்பம்தான் போயாச்சே, அந்த அபாயம் போர்ட எதுக்கு வச்சிருக்க? எடுத்துரலாமா?" என்று நேற்று போனில் கேட்டார்.

இருக்கட்டும் என்றேன்.