மந்தையில் பேசிய ரெஜினா அக்கா

சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வருசநாடு போகும் பேருந்து எங்கள் ஊரில் நின்றதும், கண்டக்டர் படியில் நின்றபடியே குரல் கொடுத்தார். “முத்துலட்சுமியக்கா, ரெஜினாம்மா தவறிட்டாக. சாயங்காலம் அடக்கமாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக.” அவ்வளவுதான். விசில் ஊதிவிட்டார். நான் கரண்டியைச் சமையல் அம்மாளிடம் கொடுத்துவிட்டு, உடுத்திய சேலையோடு எதிர்த்திசையில் வந்த பேருந்தில் ஏறினேன். தேனியில் இறங்கி, உத்தமபாளையத்துக்கு வேறு வண்டி பிடித்தேன். அதற்குப் பக்கத்தில்தான் ரெஜினா அக்காவின் சொந்த ஊர்.

கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினார்கள். பொறுமைசாலி என்றார் ஒருவர். சாந்த சொரூபி என்றார் இன்னொருவர். யாரை அடக்கம் செய்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. ரெஜினா அக்காவிடம் ஏச்சு வாங்காத ஒருத்திகூட எங்களில் கிடையாது. அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அன்று பேசியவர்களின் சொல்லே நிலைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த ஓர் ஆஸ்பத்திரி வெளிநாட்டு உதவியோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களில், அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு மருந்துப் பெட்டியும் கொடுப்பார்கள். காய்ச்சல், வயிற்றோட்டம், சிரங்கு, பிள்ளைப்பேறு எதுவானாலும் முதலில் அவள் பார்க்க வேண்டும். கைமீறிப் போனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஜீப் வரும். எங்களைத் தேர்ந்தெடுப்பதும் சொல்லிக் கொடுப்பதும் ஊர் ஊராக வந்து பார்த்துக்கொள்வதும் மேற்பார்வை நர்ஸான ரெஜினா அக்காவின் வேலை.

எங்கள் ஊருக்கு ஆள் எடுக்க வந்தபோது ஊர்த்தலைவர் தன் மருமகளை முன்னால் நிறுத்தினார். “கீழத்தெருவுக்கெல்லாம் போவியாத்தா?” என்று அக்கா கேட்டார். அந்தப் பெண் மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அக்கா அதற்குமேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் நானும் நின்றேன். எட்டாம் வகுப்பு படித்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று யாரோ என்னைக் காட்டிச் சொன்னார்கள்.

“சண்ட போடுவியா?” என்றார் அக்கா.

“இல்லக்கா. நான் யாரு வம்புக்கும் போக மாட்டேன்.”

“அப்ப நீ வேணாம்.”

பின்னாலிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். “பொய் சொல்றா நர்சம்மா. மண்ணெண்ணெய் அளவுல கொறைக்கிறாகன்னு ரேசன் கடைய ரெண்டாக்குனவ இவதான்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திங்கக்கெழம பயிற்சிக்கு வா. மருந்து பேர ஒரு மாசத்துல படிச்சுக்கிறலாம். வாயி கூடப் பெறக்கணும்” என்றார். தலைவர் அதன்பின் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

எங்களில் ஒருத்தி பேச்சியம்மாள். வருசநாட்டுக்கு உள்ளே தள்ளி, மலையோரத்து ஊர் ஒன்றின் காலனியைச் சேர்ந்தவள். மேலத்தெருவுக்காரர்களுக்கு அவளுடைய மாத்திரை வேண்டும், அவள் கை வேண்டாம். மாத்திரையைச் சுவர் மேல் வைத்துவிட்டு விலகி நிற்கச் சொல்வார்கள். இது தெரிந்த வாரமே அக்கா அங்கே போனார். நானும் கூட இருந்தேன். பேச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கக் கஞ்சி குடித்தார். பிறகு மேலத்தெருவுக்கு நடந்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ஒரு தாய் நீட்டினாள். அக்கா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “பேச்சி வீட்டுல கஞ்சி குடிச்ச கை இது. தொடலாமா?” என்றார். பிள்ளை அழுதது. அந்தத் தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “தொடுங்கம்மா” என்றாள். “அப்ப அவளும் தொடுவா” என்று சொல்லி அக்கா ஒதுங்கிக்கொண்டார். பேச்சிதான் பிள்ளையை வாங்கிப் பார்த்தாள்.

திரும்பும்போது எனக்கு ஒரே சந்தோஷம். ஊர் திருந்திவிட்டது என்றேன். அக்கா என்னைப் பார்த்து, “மனசு மாறிருச்சுன்னு நெனைக்காத. பிள்ளைக்குக் காய்ச்சல். அதான்” என்றார்.

வாரம் தவறாமல் வருவார். பெட்டியைத் திறந்து பார்ப்பார், தீர்ந்த மருந்தை நிரப்புவார், நாங்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் எங்களை முன்னால் விட்டுத் தானும் நுழைவார், தப்பாகச் செய்ததற்கு அங்கேயே ஏசுவார். இவளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததால்தான் எங்கள் பேச்சு எடுபட்டது. பிள்ளைகள் பிழைத்தன. அது எங்கள் சாமர்த்தியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி வந்தார்கள். எங்களுக்கு ஒரே நிறத்தில் சேலை கொடுத்து வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சேலை வந்த சமயத்தில் மருந்து வருவது குறைந்தது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலம் முதலில் நின்றது. ஜீப்பும் வேறு வேலைகளுக்குப் போகத் தொடங்கியது. ஒரு கூட்டத்தில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அக்கா இதைக் கேட்டார். ஆஸ்பத்திரியின் நிர்வாகி, “இவர்கள் தொண்டர்கள், சிஸ்டர். சேவை மனம் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்” என்றார். “மனச வச்சு வயித்தோட்டத்த நிறுத்த முடியாது சார்” என்றார் அக்கா. நாங்கள் சிரித்தோம். நிர்வாகி சிரிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் பேச்சியின் ஊரில் வயிற்றோட்டம் பரவியது. பெட்டியில் பொட்டலம் இல்லை. பேச்சி தன் வீட்டு உப்பையும் சர்க்கரையையும் கரைத்து, பயிற்சியில் சொன்னபடி வீடு வீடாகக் கொடுத்தாள். மேலத்தெருவில் ஒரு பெண் குழந்தை துவண்டு போனது. பேச்சி தன் தம்பியைப் பேருந்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஜீப், விருந்தினர்களை அழைத்து வர மதுரை ரயில் நிலையத்துக்குப் போயிருந்தது. அக்கா கம்பத்தைத் தாண்டிக் கூடலூர்ப் பக்கம் சுற்றுக்குப் போயிருந்தார். தம்பி போன பிறகு ஆற்றில் தண்ணீர் வந்ததால், குழந்தையை மாட்டு வண்டியில் அக்கரைக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது.

விஷயம் தெரிந்து அக்கா மறுநாள் முதல் பேருந்தில் வந்தார். எங்கள் ஊரில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து “ஏறு” என்றார். ஆறு வடிந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பொதுவிடமான மந்தையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் பேச்சி நின்றுகொண்டிருந்தாள்.

“உப்புத் தண்ணியக் குடுத்தே கொன்னுட்டா” என்றார்கள். “இவளையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டதுக்கு நமக்கு வேணும்” என்றார்கள்.

கேட்டபோது வராத ஜீப் அன்று வந்தது. நிர்வாகி இறங்கினார். குழந்தை இறந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். பிறகு நிதானமாக, “பேச்சியம்மாள் எங்கள் ஊழியர் அல்ல, தொண்டர். சொல்லிக் கொடுத்ததை மீறி அவர் ஏதாவது செய்திருந்தால், அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பாகாது” என்றார். பேச்சி அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றார். “உப்புத் தண்ணி கொல்லல. அது இருந்ததுனாலதான் மத்த பிள்ளைக பொழச்சுக் கெடக்கு. இந்தப் பிள்ளையையும் இவ தன்னால ஆன மட்டும் தாக்குப் பிடிக்க வச்சிருந்தா. வண்டி கேட்டு ஆள் விட்டா. வண்டி வரல. விருந்தாளிகளக் கூப்பிட மதுரைக்குப் போயிருந்துச்சு. மருந்து கேட்டேன், அதுவும் வரல. பதில் சொல்ல வேண்டியவ இவ இல்ல. நாங்க” என்றார்.

நிர்வாகி ஜீப்பில் ஏறிக்கொண்டார். குழந்தையின் தகப்பன் எழுந்து வந்தார். அவர் கத்தவில்லை. “இத இங்கன வந்து எங்கிட்டச் சொல்றீகளே தாயி. நேத்து அங்கன யாராச்சும் சொல்லியிருந்தா எம்பிள்ள இருந்திருக்குமே” என்றார். அக்கா தலை குனிந்து நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பேச்சியை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அதன்பின் எந்த வீடும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் தெருவில் வந்தால் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தை பிறக்கும் முன்பே குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டாள். அக்காவின் வேலையும் போனது. அதற்குச் சொன்ன காரணத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஊர்ப் பெண்கள் தாங்களாகவே செயல்படப் பழகிவிட்டார்களாம். இனி மேற்பார்வை தேவையில்லையாம்.

அதன்பின் யாரும் வரவில்லை. பெட்டிக்குள் எலி குட்டி போட்டது. கொஞ்ச காலம் கழித்து மதராஸிலிருந்து ஒருவர், திட்டத்தால் என்ன பலன் விளைந்தது என்று ஆராய வந்தார். எங்களிடமெல்லாம் கேள்வி கேட்டுவிட்டு, தொண்டர்களிடம் ஆர்வம் குறைந்துவிட்டது என்று முடிவு சொல்லிப் போனார். அக்கா அப்போது தேனியில், கடைவீதிக்குப் பின்னால் ஒரு தனியார் டாக்டரிடம் ஊசி போடும் வேலையில் இருந்தார். போய்ச் சொன்னேன். “கெணத்துல தண்ணி இல்லாம வாளிய ஏசுறாக” என்றார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அவர் யாரையும் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் பழைய ஊழியர்களுக்குச் சால்வை போர்த்தப் போவதாக அழைப்பு வந்தது. “உசுரோட இருக்கையிலயே போத்திவிடப் பாக்குறாக” என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். உடம்பு முடியாமல் போனபோதும், “எங்கன வேணும்னாலும் கொண்டு போங்க, அங்கன மட்டும் வேணாம்” என்று தங்கையிடம் சொல்லியிருந்தாராம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில்தான் இறந்தார்.

அடக்கத்துக்கு அந்த நிர்வாகி மலர் வளையத்தோடு வந்திருந்தார். சாந்த சொரூபி என்றவர் அவர்தான். ரெஜினா எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்றும் சொன்னார். எல்லாம் முடிந்து அவர் காரில் ஏறப் போகும்போது, ஒரு பெண் வாசலில் அவசரமாக நுழைந்தாள். மெலிந்து கறுத்திருந்தாலும் பேச்சி என்று எனக்கு உடனே தெரிந்தது. குமுளியிலிருந்து வரும் வண்டி மலையில் நின்றுவிட்டதாம். நிர்வாகி அவளைக் கனிவோடு பார்த்து, “ரெஜினாவுக்குச் சொந்தமாம்மா?” என்று கேட்டார்.

“ஆமா” என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் உள்ளே நடந்தாள்.

மண் மூடியிருந்தது. பேச்சி அதன் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவ்வளவு பேசியும் உனக்கு ஊர் இல்லாமல் போய்விட்டதே என்றேன். “எனக்காக ஒருத்தர் பேசுனாக. அதுக்கு மேல அந்த ஊர்ல எனக்கு என்ன இருந்துச்சு?” என்றாள். மலைக்குப் போகும் கடைசி வண்டிக்கு அவளை ஏற்றிவிட்டு வந்தேன்.

போன வாரம் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டம். புதிய சுகாதாரத் திட்டம் வரப்போகிறது என்றார் அதிகாரி. ஊருக்கு ஒரு பெண் வேண்டுமாம். சுறுசுறுப்பானவளாக, சேவை மனம் உள்ளவளாக ஒருத்தியின் பெயரைச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் அப்படி நாலைந்து பெண்கள் இருக்கிறார்கள்.

“சொல்றேன் சார். அவ ஆள் அனுப்பிக் கூப்பிட்டா யாரு வருவாக?” என்றேன்.

“முதலில் ஆரம்பிப்போம்மா. மற்றதையெல்லாம் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.”

நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சிரித்துப் பேசும் அதிகாரி அதன்பின் என் பக்கம் திரும்பவே இல்லை. ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். கூட நிற்க ஆளில்லாத இடத்துக்கு இன்னொரு பெண்ணை நான் அனுப்ப மாட்டேன்.