பில்லின் மேல் ஒரு முகம்

கண்ணுங்களா, உங்கள் அப்பா கடை கடையாகப் போய் பில் மெஷின் சரிசெய்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வேலையில் எனக்கு மறக்காத ஒன்றை எழுதிவைக்கிறேன்.

கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. அதை ஆரம்பித்தவர் இறந்துபோய், காரியம் முடிந்த கையோடு அவர் மகன் என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணாத்த, பில்லு மேல எங்க நைனா மூஞ்சி வரணும். ஆவுமா?”

“ஆவும். போட்டோ குடு.”

சொன்னேனே தவிர, சுலபமாக இல்லை. அந்தப் பிரிண்டருக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டுதான் தெரியும். படத்தைப் புள்ளிகளாக்கி அதற்குள் ஏற்ற வேண்டும். முதல் தடவை முகம் முழுக்கக் கறுப்பாக வந்தது. செட்டிங்கில் அழுத்தத்தைக் குறைத்தேன். மீசையே காணாமல் போனது. கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, கடைசியில் நெற்றியில் விபூதி முதற்கொண்டு தெரிந்தது. மகன் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வாழைப்பழம் வாங்கிய ஒருவர் பில்லைப் பார்த்தார். “இன்னாப்பா, அரை டஜன் பழம் வாங்குனா உங்க நைனாவும் கூட வர்றாரே! வூட்ல இவருக்கும் சேத்து சோறு வடிக்கணுமா?”

கடையே சிரித்தது.

சில நாள் கழித்து மகன் போன் செய்தான். குரல் சரியில்லை. “அம்மா கடைக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு நிக்குது அண்ணாத்த. கொஞ்சம் வா.”

நான் போனபோது அந்த அம்மா வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தார். கணவர் சாமான் நிறுக்க, இத்தனை வருஷமும் கல்லாவில் உட்கார்ந்தவர் அவர்.

“உள்ள வாம்மா. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?” என்றான் மகன்.

“அந்தப் படத்த எடு. வர்றேன்.”

“நைனாவ ஜனங்க மறந்துடக் கூடாதுன்னுதானே போட்டேன். இதுல இன்னா தப்பு கீது? அண்ணாத்த, நீயாவது சொல்லு.”



அந்த அம்மா மடியை அவிழ்த்தார். உள்ளே கசங்கிய பில்கள். ஆட்டோ நிற்கும் இடத்தில் பொறுக்கியவை. ஒன்றில் நெற்றியின் குறுக்கே செருப்புத் தடம். ஒன்றில் வெற்றிலை எச்சில்.

“பழத்த எடுத்துக்கினு இத்த கீழ போட்டுட்டுப் போறான். பின்னால வர்றவன் மிதிச்சிக்கினு ஏறுறான். அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது, அவங்களுக்கு அது வெறும் காயிதம். எனக்கு?”

மகன் ஒன்றை எடுத்து, காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினான். சூட்டில் எழுத்து விழுகிற காகிதம் அது. நகம் உரசிய இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்தது. உடனே கையை எடுத்துவிட்டான்.

“எடுத்துடு அண்ணாத்த,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

படத்தை அழித்தேன். சோதனைக்கு ஒரு பில் அடித்தேன். மேலே கடைப் பெயர் மட்டும் வந்தது. அந்த அம்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கல்லாவில் உட்கார்ந்தார். மகன் அவருக்குப் பக்கமாக மின்விசிறியைத் திருப்பி வைத்தான்.

வெளியே ஆட்டோ கிளம்பத் தயாராக இருந்தது. “சார், ஒரு சீட்டுதான், ஏறு ஏறு,” என்றார் டிரைவர். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஆட்டோ நகர்ந்ததும் அது நின்ற இடத்தில், தாரோடு ஒட்டி ஒரு பில் தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு முனையிலிருந்து கிழியாமல் மெல்ல உரித்து எடுத்தேன்.