காலுறை மேல் ஈரக்கை

என் ஓரகத்தி இன்ஷிராஹிடம் எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்." கை முறிந்து தொங்கினாலும் அதே பதில். இறைவனைப் புகழும் அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானும் ஐந்து வேளை தொழுகிறவள்தான். அதை அவள் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாளே, அதில்தான் கோபம். இன்று வரை அது தணியவில்லை.

எகிப்தின் நூற்பாலை நகரமான மஹல்லாவில் எங்கள் மாமனார் கட்டிய வீடு. மூத்தவர் ஷஅபானும் இன்ஷிராஹும் கீழ்த்தளத்தில், அவர் தம்பியைக் கட்டிய நான் அதற்கு மேல்தளத்தில். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் நூற்பாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிற யந்திரத்தில் அறுந்த நூலைக் கண்ணிமைப்பதற்குள் முடிச்சுப் போடுவாள். முப்பது வயதைத் தாண்டியதும் அந்த விரல்களில்தான் முதலில் நோய் வந்தது. காலையில் எழுந்தால் கை விரியாது. மூட்டு வாதம், ஆயுசுக்கும் கூடவே வரும் என்றார்கள். வேலை போயிற்று.

அது மட்டும் வந்திருந்தால் சமாளித்திருப்பாள். வீக்கத்தை அடக்கக் கொடுத்த மாத்திரை முகத்தை உப்ப வைத்து, சர்க்கரையைக் கொண்டுவந்தது. சர்க்கரை கண்ணை மங்க வைத்தது. ரத்தக் கொதிப்பு எப்போது வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எலும்பும் அரித்துப்போய், ஒருநாள் அடுப்படியில் சட்டென்று திரும்பியதற்கே இடுப்பில் விரிசல் விட்டு விழுந்தாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அதுதான். எலும்பு டாக்டர் கண்ணைப் பற்றிப் பேசமாட்டார். கண் டாக்டர் எலும்பைப் பற்றிப் பேசமாட்டார். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் நிறுத்துவார். ஒரு பொம்பளையின் உடம்பை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் முட்டைக்கோஸ் இலையில் அரிசியை வைத்துச் சுருட்டி வேகவைக்கிற வேலையை மட்டும் அவள் விடவில்லை. விரல் கோணக் கோணச் சுருள் பெருத்துக்கொண்டே போயிற்று.

ஷஅபான் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டுவார். "இது என்ன, சாப்பிடறதா, தலைக்கு வச்சுப் படுக்கறதா?"

"உங்க வாய்க்கு அதான் அளவு," என்பாள்.

எல்லோரும் சிரிப்போம். கொஞ்ச நேரத்தில் அவள் துணி காயப்போடும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும். அழுதாயா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். டாக்டர் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்.

"என்னம்மா, எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ் டாக்டர், நல்லா இருக்கேன்."

அவர் பழைய மாத்திரையையே எழுதித் தருவார். வெளியே ஊரே வரிசையில் நிற்கிறது. நல்லா இருக்கேன் என்கிறவளை உட்காரவைத்து என்ன கேட்பார்?

ஒருமுறை ஆட்டோவில் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, ராத்திரி பூரா முனகுற, மேல எனக்குக் கேக்குது. அங்க போய் நல்லா இருக்கேன்ங்கிற. அவரு என்ன உனக்குச் சம்பந்தியா, மரியாதைக்குச் சொல்ல?"

"முறையிட்டா அவன் தீர்ப்பைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்டி. எங்க வாப்பா மவுத்தாகறப்பகூட ஐயோன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"வாப்பாவுக்கு டாக்டர் இல்ல. உனக்கு இருக்காரு."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சிரித்தாள். "இன்னொண்ணும் இருக்கு. முதல் நோயைச் சொன்னப்ப எல்லாரும் ஐயோ பாவம்னாங்க. ரெண்டாவதைச் சொன்னப்ப அட, இதுவுமான்னாங்க. நாலாவதைச் சொன்னப்ப என் கொழுந்தன் டிவி சத்தத்தைக் கூட்டினாரு. அஞ்சாவதை நான் சொல்லவே இல்ல, கீழ விழுந்ததால தெரிஞ்சுது. ஆறாவது வராம இருக்கணும்னு துஆ கேளு."

அவள் கொழுந்தன் என்றது என் புருஷனை. அவர் சத்தத்தைக் கூட்டியது உண்மை.

இடுப்பு விரிசலுக்குப் பிறகு அவளால் குனிய முடியவில்லை. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது காலைக் கழுவ வேண்டுமே. அதற்கு மார்க்கத்தில் ஒரு சலுகை உண்டு. காலைக் கழுவிக் காலுறை போட்டுக்கொண்டால், ஒரு நாள் முழுக்க அதைக் கழற்ற வேண்டாம். ஈரக்கையால் காலுறை மேல் தடவினால் போதும். மறுநாள் கழற்றிக் கழுவ வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலி மேல் காலைத் தூக்கி வைத்து, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை மேல் அவள் ஈரக்கையால் தடவுவதை அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன்.

மறுநாள் கழற்றிக் கழுவுவது யார்? நான் கேட்டபோது, "அவரு கழுவி விடறாரு" என்றாள். ஷஅபான் கேட்டபோது, "அவாதிஃப் பாத்துக்கறா" என்று என் பேரைச் சொல்லியிருக்கிறாள். தம்பி மனைவியும் மூத்தாரும் எதிரெதிரே நின்று அவர் பெண்டாட்டியின் காலைப் பற்றிப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளேதான் எல்லாம் செய்திருக்கிறாள்: கைத்தடி நுனியால் காலுறையைத் தள்ளிக் கழற்றுவது, குவளைத் தண்ணீரைக் காலில் ஊற்றுவது, துடைக்க எட்டாததால் ஈரக்காலிலேயே கரண்டியின் வளைவில் மாட்டிக் காலுறையை மேலே இழுத்துவிடுவது. சர்க்கரையில் மரத்துப்போன பாதம் எதையும் சொல்லவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. இருந்த நோய்களெல்லாம் கூடிப் பேசிக்கொண்டு புதிய நோயை மறைத்துவைத்தன.

எனக்கு முதலில் நாற்றம்தான் தெரிந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரிக்கு அடியில் தேடினேன். தேடிக்கொண்டே அவள் நாற்காலிப் பக்கம் வந்தேன். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"காலைக் காட்டு."

"ஒண்ணுமில்லடி, போ."

காலைப் பிடித்துக் காலுறையை இழுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன.

"இந்த நாத்தம் உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இது ஆறாவது அவாதிஃப். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல?"

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது. ஆட்டோவைக் கூப்பிட ஓடினேன்.

அறுவை டாக்டர் இளைஞர், பொறுமையானவர். "ரெண்டு விரலோட நிறுத்திக் காலைக் காப்பாத்தப் பாக்கறேன்மா. ஆனா அழுகல் மேல ஏறியிருந்தா இப்பவே தெரியணும். ஸ்கேன் படத்துல சரியாத் தெரியல, நீங்கதான் சொல்லணும்." கெண்டைக்காலை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

நான் அவள் முதுகில் கிள்ளினேன். "அக்கா, இன்னிக்காவது சொல்லு."

கட்டிலின் மறுபக்கம் ஷஅபான் கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஷிராஹ் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். அல்ஹம்துலில்லாஹ்."

விரல்கள் போயின. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் ஏறி அவளைத் தூக்கிப் போட்டது. மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். இந்த முறை முழங்காலுக்குக் கீழே எதையும் விட்டுவைக்கவில்லை.

மயக்கம் தெளிந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். "கெண்டைக்கால் அன்னிக்கே நெருப்பாக் கொதிச்சுதுடி."

"அப்ப ஏன்டி இல்லன்ன?" மூத்தவளை முதல்முறையாக நான் 'டி' போட்டுக் கூப்பிட்டேன்.

"அவரு முகத்தைப் பாத்தேல்ல? விரலுக்கே அப்படி நின்னாரு."

வீட்டுக்கு வந்ததும் பார்வையாளர்கள் கிளம்பி வந்தார்கள், கையில் வாழைப்பழமும் பழரசப் பெட்டியுமாக. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், அதைவிட மோசமான ஒரு நோயாளியின் கதையையும் கூடவே கொண்டுவருவார்கள். எதிர்வீட்டு தவ்ஹீதா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு காலோட போச்சேன்னு நன்றி சொல்லு இன்ஷிராஹ். என் மச்சினிக்கு ரெண்டும் போச்சு. நோய் வந்தா பாவம் உதிரும்பாங்க."

"அப்ப நான் பெரிய கொலைகாரியாத்தான் இருந்திருக்கணும்," என்றாள் இன்ஷிராஹ்.

அவள் வாயிலிருந்து இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. தவ்ஹீதா பேச்சை மாற்றினாள். "சரி சரி, இப்ப எப்படி இருக்கே?"

"அல்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற ஷஅபானைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள்.

"வலிக்குது."

"எங்கம்மா?"

"கட்டைவிரல்ல. போன கால்ல."

"இல்லாத விரல் எப்படிம்மா வலிக்கும்?"

வலிக்கும், வெட்டிய காலுக்கு அப்படி உண்டு என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். இருந்தபோது வாய் திறக்காத கால், போன பிறகு கத்துகிறது. என் அக்கா வாழ்நாளில் நாலு பேர் முன்னால் முதன்முதலாக வாய் விட்டுச் சொன்ன வலி அதுதான். சொன்ன வாய் பிறகு மூடவில்லை. காலையில் விரல் விரியாததை, வெளியூர் மகன் கூட்டிவருகிற சொந்தப் பேரனின் முகம் மங்கலாகத் தெரிவதை, பால்கனியில் நின்று அழுததை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. தவ்ஹீதா செருப்பைத் தேடினாள். மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஷஅபான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்தார்.

"இங்கயா வலிக்குது?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."

அவர் கையைக் கீழே நகர்த்தினார். அங்கே மெத்தை மட்டும்தான் இருந்தது. அதை அவர் தடவிக்கொண்டே இருந்தார்.