தண்ணி மாறினவள்

மகள் பார்க்கும் கார்ட்டூன்களைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. எந்நேரமும் வாளும் நெருப்பும் கூச்சலும்தான். ஆனால் அன்றைய பகுதி என்னையும் உட்கார வைத்தது. அரக்கனிடமிருந்து ஆற்றை மீட்ட சிறுவர் கூட்டத்தின் கடைக்குட்டிப் பெண், காய்ந்து கிடந்த தோட்டத்துக்குள் இறங்கினாள். வாய்க்கால் தண்ணீரில் ஒரு பாத்தி நிறைந்ததும் காலாலேயே மண்ணை அணைத்து அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். ஒரு சொட்டும் வீணாகவில்லை. வரைந்த கையைக் கும்பிடலாம் போலிருந்தது.

வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உவள் நல்லாத் தண்ணி மாறுறாள்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் பாத்தி பாத்தியாக அவருக்குத் தண்ணி மாறிக் கொடுத்தவள் நான். ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"நான் மாறேக்கை உந்த வாய் எங்கை போனது, அப்பா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"உன்னைப் பாத்துத்தானே உந்தப் படம் கீறியிருக்கிறாங்கள்."