மாமனார் காரில் என் ஐஸ் பெட்டி

என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, இப்போதும் பிடிக்காது. செத்தவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன்: காரை நன்றாகத் துடைப்பார்.

ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும், வீட்டில், இந்தத் தீவில் எல்லோரையும் போல, பிரெஞ்சு கலந்த கிரியோல். தமிழ் அவருக்குக் கோவிலுக்கும் கோபத்துக்கும் மட்டும். என்னோடு பெரும்பாலும் தமிழில்தான் பேசினார்.

என் அப்பா போர்ட் லூயி சந்தைக்குப் பக்கத்தில் அலூடா விற்றவர். பாலில் ஊறிய சப்ஜா விதை, வழவழப்பான கடற்பாசித் துண்டு, மேலே ஐஸ். வெயிலில் வந்தவர்கள் நின்றபடியே குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார்கள். அந்தக் கடையிலிருந்து வந்த பெண் தன் மகனுக்குப் போதாது என்று மாமனார் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். பிறகும் சொன்னார். நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாயெபூருக்குப் போவோம். அவருடைய மகள், என் நாத்தனார், அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். க்யூர்பீப் வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்பும்போது அவர் கிழக்குக் கடலோரமாகவே வருவார். சென்ட்ர் டி ஃப்ளாக்கில் ஒருவர் வீடு, பாம்ப்ளமூஸில் ஒருவர் வீடு என்று நின்று நின்று, தீவு முழுக்கக் காரைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு. மாமியார் முன் சீட்டில். நானும் என் கணவரும் பின்னால், என் மடியில் எங்கள் பையன். அவனுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

பிரசவத்துக்குப் பின் எனக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. பசும்பாலைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பையனோடு முதல் முறை போனபோது கோடை. திரும்பும் வழியில் புட்டியைத் திறந்தேன், பால் திரிந்திருந்தது. பையன் கத்தினான்.

"தண்ணி குடு," என்றார் மாமனார், திரும்பிப் பார்க்காமல்.

"தண்ணியில பசி அடங்குமா மாமா?"

"அடங்குற வரைக்கும் அழட்டும். நாங்க எல்லாம் அப்படித்தான் வளந்தோம்."

அவன் அழுது அழுது களைத்துத் தூங்கினான். மறுநாளே நான் பஸ் பிடித்து அப்பாவிடம் போனேன். அப்பா ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே துத்தநாகத் தகடு, இரண்டுக்கும் நடுவில் மரத்தூள், கீழே தண்ணீர் வடிய ஒரு துளை, அதற்கு ஒரு தக்கை. கோணிச் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை அடியில் வைத்து, அதன்மேல் பால் புட்டிகளையும் தயிரையும் வைத்து மூடிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் கெடாது.

அடுத்த பயணத்தன்று பெட்டியோடு வாசலுக்கு வந்தேன்.

"கி சா?" என்றார் மாமனார். என்ன இது என்று கேட்கிறார்.

"ஐஸ் பெட்டி மாமா. பிள்ளைக்குப் பால் வைக்க."

"இது மோ லோட்டோ. உங்கப்பன் அலூடா வண்டி இல்ல."

மோ லோட்டோ என்றால் என் கார். அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

"பிள்ளைக்காகத்தானே அப்பா," என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி. அன்றைக்கு அவரிடம் இருந்த தைரியம் அவ்வளவுதான்.

கடைசியில் மாமனார் விட்டார், நிபந்தனையோடு. பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வைக்கக் கூடாது, காரின் தகடு துருப் பிடிக்கும். என் காலடியில்தான் வைக்க வேண்டும், கீழே செய்தித்தாள் விரிக்க வேண்டும். நாள் முழுக்க நான் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து போனேன். அவ்வப்போது தக்கையைத் திறந்து, உருகிய தண்ணீரை எனாமல் குவளையில் பிடித்து ஜன்னல் வழியாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் எந்தப் பயணத்திலும் பேச்சு சுதந்திரத்தில் போய்த்தான் முடியும். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமனார் வேண்டாம் என்ற கட்சி. "வெள்ளைக்காரன் போனா, அடுத்து ஆள வர்றவனுங்க நம்மளத் திரும்பக் கரும்புக் காட்டுக்கே அனுப்பிருவானுங்க," என்பார். எங்கள் இரண்டு பேர் முன்னோரும் ஒப்பந்தக் கூலிகளாய் அதே கரும்புக் காட்டுக்குத்தான் வந்தவர்கள். அதை நான் ஒருமுறை சொன்னேன். க்யூர்பீப் வரும்வரை அவர் ஹாரனை அடித்துக்கொண்டே காரை ஓட்டினார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. க்யூர்பீப்பைத் தாண்டியதும் தக்கை நழுவி, காரின் கால்விரிப்பு நனைந்துவிட்டது. அவர் காரை ஓரம் கட்டினார். இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்து, பெட்டியின் மூடியைத் தூக்கினார். ஐஸ் கட்டியைச் சாக்கோடு இரண்டு கையாலும் எடுத்துக் கரும்புக்குள் எறிந்தார். பிறகு கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினார். மாமியார் முந்தானையைச் சரி செய்துகொண்டார். என் கணவர் பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். அது போட்டுத்தான் இருந்தது.

மாயெபூரில் இறங்கியதும் பையனை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மீன் இறங்கும் துறைக்கு நானே நடந்து போய் ஐஸ் வாங்கி வந்தேன். சேலை நனைந்திருந்தது. நாத்தனார் வாசலில் நின்று சிரித்தாள்.

"என்ன அண்ணி, இங்கயும் கடை போடப் போறீங்களா?"

"போட்டா உனக்கு ஓசியில கிடையாது," என்றேன்.

அடுத்த மாதம் நாத்தனார் புருஷன் ஒரு பெரிய மீன் வாங்கி வைத்திருந்தார். வியேய் ரூஜ் என்று இங்கே சொல்லும் சிவப்பு மீன், அன்று காலை பிடித்தது. மாமனாருடைய பழைய மேலதிகாரி ஒருவர் ரோஸ் ஹில்லில் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்த மீனை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"பெட்டியத் திற."

"அதுல பால் இருக்கு மாமா."

"பால மடியில வச்சுக்க. மீன உள்ள வை."

"மீன் பட்ட பெட்டியில அப்புறம் எப்படிப் பால் வைக்கிறது?"

"மீன் பெரிய மனுசனுக்குப் போகுது. பிள்ள ஒரு நாள் பொறுத்துக்கும்."

நான் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டேன். எடுக்கவில்லை. மீனை ஈரச்சாக்கில் சுற்றி மாமியாரின் காலடியில் போட்டார்கள். கடலோரம் முழுக்க மாமனார் பேசிக்கொண்டே வந்தார். என் அப்பா, என் அப்பாவின் கடை, ஈ மொய்த்த டம்ளர், நான் கொண்டு வராத சீர். என் கணவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சென்ட்ர் டி ஃப்ளாக் பஸ் நிலையத்துக்கு எதிரே கார் நின்றது. மாமனார் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, பெட்டியைப் பிடிக்கக் குனிந்தார்.

"பா தூஸே," என்றேன். தொடாதீர்கள் என்று கிரியோலில் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது.

"அப்ப இறங்கு. மோ லோட்டோல உனக்கு இடமில்ல."

"இறங்குறேன்."

பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, பெட்டியை இழுத்துத் தரையில் வைத்தேன். என் கணவரைப் பார்த்தேன்.

"நீங்க வர்றீங்களா?"

"அப்பா ஆறிடுவார். ஏறு," என்றார் அவர்.

நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கார் போனது. அவர் அதில் இருந்தார்.

பஸ் நிலையத்து டீக்கடையில் சுடுதண்ணீர் கேட்டு, புட்டியை அதில் சற்று நேரம் வைத்தேன். பையன் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பால் கொஞ்சமும் கெட்டிருக்கவில்லை. போர்ட் லூயி பஸ்ஸில் கிரியோல் இனத்து அம்மாள் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பெட்டியில் என்ன, மீனா என்று கேட்டாள். பால் என்றேன். நல்லது, என்றாள். ஏன் தனியாக வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை, அதற்காகவே அவளை எனக்கு நினைவிருக்கிறது. நேரே அப்பா வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் என் கணவர் வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். பாம்ப்ளமூஸ் தாண்டி டயர் வெடித்திருக்கிறது. உதவிக்கு ஆள் கிடைப்பதற்குள் நல்ல வெயிலில் வெகு நேரம் நின்றிருக்கிறார்கள். மீன் நாற ஆரம்பித்துவிட்டது. அப்படியும் மாமனார் விடவில்லை. அந்தப் பெரிய மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சமையற்காரர் வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சாக்கிலிருந்து வழிந்த நீர் சீட்டுக்கடியில் இறங்கி, எதைப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லையாம். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. நான் அதை மறைக்கவும் இல்லை.

"வீட்டுக்கு வா," என்றார்.

"எந்த வீட்டுக்கு?"

பதிலோடு வரச் சொன்னேன். போ பாஸேனில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வர அவருக்குச் சில மாதங்கள் ஆயின. வந்தார். அதன்பிறகு நாங்கள் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போனோம்.

சுதந்திரம் வந்த வருடம் பயந்தவர்கள் பலர் கப்பல் ஏறினார்கள். நாத்தனார் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமனார் காரை விற்றுவிட்டுத் தயாராக இருந்தார். முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் கூப்பிடவே இல்லை. ஒரு நாள் என் கணவர் அவரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

கடைசி வரைக்கும் அவருக்குச் சோறு போட்டவள் நான்தான். நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்புக் குறைந்தால் தன் மகனிடம் சொல்வார், மகன் என்னிடம் சொல்வார். படுத்த படுக்கையானபோது துணியைத் துவைத்தேன், மருந்தைக் கரைத்துக் கொடுத்தேன். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து, அவரைப் பெற்ற மகள் போலப் பார்த்துக்கொண்டாய் என்றார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். அது வேறு, இது வேறு.