எட்டு டிகிரி பொய்

சங்கராபுரம் ரோட்டில் முப்பது வருடமாக கார் மெக்கானிக்காக இருக்கிறேன். என் கைக்குப் பேர் உண்டோ இல்லையோ, வாய்க்கு உண்டு. ஷெட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே உட்கார்கிற நாலு பேருக்கு டீ ஒரு சாக்குத்தான். நான் வண்டிக்காரர்களைக் கலாய்ப்பதைக் கேட்கத்தான் வருவார்கள். அந்த வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். படிக்கிற தம்பிகளுக்கு ஃபியூயல் லைன் ஃபிட்டிங் பற்றி நாலு விஷயம் தெரியவரும். என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியவரும், அது அவ்வளவு நன்றாக இருக்காது.

1. எலி

காதர் பாய் கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மலைமேல் இருக்கிற கரியாலூருக்குப் போய் சாமையும் புளியும் வாங்கி, மூட்டையோடு தன் பழைய பெட்ரோல் காரிலேயே ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார். சாமைக்கு வந்த எலி, சாமையை விட்டுவிட்டு இன்ஜின் பக்கத்து பெட்ரோல் ஓஸை, அந்த ரப்பர் குழாயை, கடித்துவிட்டது. மூன்று மாதத்தில் இது இரண்டாவது தடவை.

"எலிக்குப் பல்லு உழணும். அந்த மாரி ஒண்ணு போட்டு வுடுங்கணா" என்றார் பாய்.

பிரெய்டட் ஓஸ் போட்டுவிடலாம் என்றேன். மேலே ஸ்டீல் கம்பி பின்னியிருக்கும், பந்தய வண்டிகளில் போடுவது. அதுவரை நான் ஒரு வண்டிக்குக்கூட அதைப் போட்டதில்லை. அதைச் சொல்லவில்லை.

2. எட்டு

வண்டியோடு வந்த கம்பெனி பெட்ரோல் லைன் எட்டு எம்.எம். ஸ்டீல் குழாய். சென்னையில் இந்தச் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டு, எட்டு நம்பர் ஓஸ் கேட்டேன். பார்சலைப் பிரித்தால், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் போல ஒன்று கிடந்தது. இந்த நம்பர் எம்.எம். கணக்கு இல்லை, ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் எத்தனை பங்கு என்பது. எட்டு நம்பர் என்றால் அரை அங்குலம். கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஊரையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு, தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் தாங்காது.

ஆறு நம்பர் ஓஸும், எட்டு எம்.எம். குழாயோடு சேர்க்க அடாப்டரும் அனுப்புகிறேன் என்றவர் ஒன்று கேட்டார். "வண்டி லைன் முனை எப்படி சார் இருக்கு? கிளிப்ல அமுக்கற டைப்பா, ஃபிளேரா?"

கார் பத்தடி தூரத்தில் நின்றது. பானட்டைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்றால் மறுபடி சிரிப்பாரோ என்று, "ஃபிளேர்தான், இதுகூடத் தெரியாதா" என்றேன்.

ஃபிளேர் என்பது குழாய் முனையைப் பூ மாதிரி விரித்து நட்டுப் போட்டு இறுக்குவது. புதுப் பார்சல் வந்தபிறகுதான் பாய் வண்டியின் முனையைப் பார்த்தேன். விரிக்கவில்லை. முனைக்குச் சற்று முன்னால் ஒரு வளையம் மேடாக ஓடியது. கனெக்டரை அமுக்கினால் கிளிப் 'டிக்' என்று பிடிக்கிற வகை.

இன்னொரு போன் போட்டிருந்தால் கிளிப் அடாப்டர் மறுநாள் வந்திருக்கும். நான் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்தேன். என் வார்த்தை பொய்யாகக் கூடாது என்பதற்காகக் காரை வெட்டினேன்.

வெட்டிய முனையை ஏ.சி. குழாய் விரிக்கிற டூலால் விரித்தேன். அது நாற்பத்தைந்து டிகிரியில் விரிக்கும். வந்த ஃபிட்டிங் முப்பத்தேழு டிகிரி. எட்டு டிகிரி வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோலுக்குத் தெரியும். எட்டு எம்.எம்., எட்டு நம்பர், எட்டு டிகிரி. அந்த வாரம் எனக்கு அஷ்டமத்துச் சனி ஷெட்டுக்குள்ளேயே குடியிருந்தது.

ஸ்டார்ட் பண்ணியதும் ஜாயின்டில் ஈரம் கண்டது. கழற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கினேன். ஃபிளேர் ஜாயின்டில் அடைப்பது அந்த விரிந்த வாய்தான், மரை இல்லை. மரையில் டேப் சுற்றுவது கசிவை அடைக்காது, ஒளித்து வைக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டேன். ஈரம் இல்லை. மனசு மட்டும் கொஞ்சம் ஈரமாகவே இருந்தது. துடைத்துக்கொண்டேன்.

3. வாடை

வண்டியை எடுக்க பாய் தன் மனைவி நஸ்ரீனையும் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கரியாலூர் அருவியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் அப்படியே மலைக்குப் போகிற திட்டம். ஏறி உட்கார்ந்ததுமே இறங்கிவிட்டாள்.

"அண்ணா, பெட்ரோல் வாடை அடிக்குது."

நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஈரத்தைப் பார்த்தவன் நான். ஆனால் டீக்கடையில் நாலு பேரும் இருந்தார்கள்.

"மசக்கைல ரசம்கூட பெட்ரோல் மாரிதாம்மா வாடை வரும். பாய், வூட்ல அடுப்பு பத்த வெக்கறப்ப ஜாக்கிரதை" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அவள் முகம் சிவந்தது. மறுபடி ஏறிக்கொண்டாள்.

மதியத்துக்கு முன்னால் பாய் போன் செய்தார். மலை வளைவில் நிற்கிறோம், பெட்ரோல் ஒழுகுகிறது என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வழியெல்லாம் எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. பானட் திறந்திருந்தது. ஏறுகிற குலுக்கலில் ஜாயின்ட் தளர்ந்து, கொதிக்கிற சைலன்சர் குழாயின் மேல் தகடு வரைக்கும் பெட்ரோலில் நனைந்திருந்தது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நஸ்ரீன் தள்ளிப்போய் மதகுக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நிறுத்துங்க நிறுத்துங்கன்னு மூணு வாட்டி சொன்னேங்ணா. 'மெக்கானிக்கே சொன்னாரு இல்ல, மசக்கை'ன்னு சிரிச்சிக்கினே ஓட்டினாரு. நான் கதவத் தொறந்தப்புறம்தான் நிறுத்தினாரு."

அவளை அந்த வண்டிக்குள் உட்கார வைத்திருந்தது கசிந்த ஃபிட்டிங்கைவிட என் ஜோக்குதான். அந்த மூன்று தடவையும் அவளுக்குப் பதில் சொன்னது என் வாய்.

4. நாலு பேர்

வண்டியைக் கட்டி இழுத்துவந்தேன். நான் வெட்டிய குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, வளைய முனையோடு கம்பெனிக் குழாயே வாங்கி மாட்டினேன். சென்னைக் கடைக்கு மறுபடி போன் போட்டு, அன்றைக்குப் பார்க்காமலே பொய் சொன்னேன் என்று சொல்லி, கிளிப் அடாப்டர் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

தம்பிகளே, ஓஸின் அழகைப் பார்த்து ஃபிட்டிங் வாங்காதீர்கள். வண்டி லைனின் முனையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிளிப்புக்குக் கிளிப், ஃபிளேருக்கு அதே டிகிரி ஃபிளேர். டேப்பை ஃபிளேர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வாடை வருகிறது என்று யாராவது சொன்னால், சொன்னது யார் என்று பார்க்காமல் பானட்டைத் தூக்குங்கள்.

வண்டியைக் கொடுக்கிற அன்றைக்கு நஸ்ரீனைத்தான் முதலில் கூப்பிட்டேன். பானட்டுக்குப் பக்கத்தில் வந்து, நிதானமாக மோந்து பார்த்தாள்.

"இப்ப இல்லணா."

"தப்பு என்னுதும்மா" என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

அவள் டீக்கடைப் பக்கம் பார்த்தாள். "அன்னிக்கு நாலு பேரு முன்னாடி சொன்னீங்களே, அவங்கள கூப்புடுங்க."

கூப்பிட்டேன். கிளாசும் கையுமாக வந்தார்கள், வரும்போதே பாதிச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு சொன்னது பெட்ரோல் வாடைதான். நான் தப்பா வெட்டுன லைன்லேர்ந்து வந்தது. ஈரத்தப் பாத்துட்டுத்தான் மசக்கைன்னேன்."

சொல்லி நிறுத்தினேன். நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு, ஜோக் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். நஸ்ரீன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர்கள் இன்னும் காத்திருந்தார்கள்.