கிரகணத்தன்று அறுத்த பலகை

நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக் கூரையில் கொக்கி கிடையாது. பிள்ளைக்குத் தூளி கட்ட ஒரு கொக்கி அடித்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஓட்டை போட்டா மழைக்கு ஒழுகும். நீங்க காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க, நான் இல்ல பக்கெட் வெச்சிகினு உக்காரணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் மேலும் கோபம்தான் வருகிறது. அந்த ஒரு ஓட்டைக்கு அவர் சரி என்றிருந்தால் நான் ரம்பத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் பம்பு செட் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. பம்புகளுக்கு மரப்பெட்டி அடிப்போம். அந்தத் தைரியத்தில், தூளிக்குப் பதிலாக நாலு பக்கமும் மரக்கம்பி வைத்த தொட்டில் ஒன்றை நானே செய்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாயில் இருந்த மாங்காய்த் துண்டோடு சிரித்தாள்.

"உங்களுக்குப் பொட்டி அடிக்கத்தானே தெரியும். புள்ளையைப் பார்சல் பண்ணப் போறீங்களா?"

"ஆமா, உங்கம்மா வீட்டுக்கு" என்றேன்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் நாங்கள். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது எங்களைப் பார்க்கிற யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

கம்பெனியில் பெட்டி அடிக்கிற மட்டமான பைன் பலகை வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழைய வீடுகளை இடித்து மரம் விற்கிற கடையில் ஒரு தேக்கு உத்தரத் துண்டு கிடைத்தது. மரவாடியில் கொடுத்துப் பலகையாகவும் சட்டமாகவும் கிழித்து வாங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்தால் நேராக மொட்டை மாடிதான். ஒவ்வொரு கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். எங்காவது சுரண்டினால் மறுபடியும் தேய்ப்பேன். கம்பிகளுக்கு நடுவில் பிள்ளையின் தலை போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வீட்டில் இருந்த சின்னச் சொம்பை விட்டுப் பார்த்து இடைவெளியைக் குறைத்தேன். எந்தப் பம்புக்கும் நான் இவ்வளவு மெனக்கெட்டது இல்லை.

இதற்கு நடுவில் ஒரு சூரிய கிரகணம் வந்தது. சாயங்கால நேரத்துக் கிரகணம். நெல்லித்தோப்பில் இருக்கிற என் மாமியார் காலையிலிருந்து போன் போட்டபடி இருந்தார். வெளியே வராதே, கத்தியைத் தொடாதே, எதையும் நறுக்காதே, ஸ்க்ரீனை இழுத்து விட்டுக்கொண்டு படு. கர்ப்பமாக இருக்கிறவளோ அவள் புருஷனோ கிரகணத்தில் எதையாவது வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவர் நம்பிக்கை மட்டுமா, ஊர் நம்பிக்கை. நாங்கள் கிறிஸ்தவர்கள். மாமியார் தினமும் பூசைக்குப் போகிறவர். மாதாவும் ராகுவும் அவர் வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருந்தார்கள்.

எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. மனைவி உள்ளே படுத்திருந்தாள். நான் மாடியில் தொட்டிலின் தலைப்பக்கப் பலகையை ஒரு ஸ்டூல் மேல் வைத்து அறுத்துக்கொண்டிருந்தேன். நீளப் பலகை, ஒற்றை ஆள் வேலைக்கு அடங்கவில்லை, ஒவ்வொரு இழுப்புக்கும் துள்ளியது. ரம்பச் சத்தம் கேட்டு அவள் மேலே வந்துவிட்டாள். புழுக்கம் தாங்கவில்லை என்றாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, பலகையின் அந்த முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"உங்கம்மா பாத்தா என்னைக் கொன்னுடுவாங்க, கீழ போ" என்றேன்.

"எங்கம்மா காலையில பூசையில நன்மை வாங்கிட்டு வந்து, பத்து மணிக்கு எல்லாம் ராகு கேதுன்றாங்க. நீங்க அறுங்க" என்றாள்.

வெயில் ஒரு மாதிரி வெளிறிப்போய், சுவரின் நிழலெல்லாம் மங்கிக்கொண்டிருந்தது. மரத்தூள் அவள் புடவையில் கொட்டியது. அவள் தட்டிவிடவும் இல்லை. பலகை இரண்டாக விழுந்தபோது கை தட்டினாள். என் கல்யாண வாழ்க்கையில் நல்ல சாயங்காலம் எது என்று என்னைக் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன், வயிறெரிந்துகொண்டே.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் தொட்டிலை முடித்து, இரண்டு கை வார்னிஷ் அடித்து, ஹாலில் ஜன்னலோரம் வைத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். தூங்குகிற பிள்ளை ஸ்டிக்கர் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

பெண் பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

ஸ்கேனில் தெரியவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். ஸ்கேன் எடுத்தபோது பிள்ளை கையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது ஆபரேஷனில் சரியாகிவிடும், யாரும் எதுவும் செய்து வருவது இல்லை, கருவில் உதடு சேர்கிறதெல்லாம் இரண்டாம் மாதத்தோடு முடிந்துவிடும் என்று சொன்னார். எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாரத்தை ஏற்றுவதற்கு எங்கள் எதிர்வீட்டு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்.

அந்த அம்மாவின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு. அந்த அம்மா பிள்ளையைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு என் மாமியாரிடம் திரும்பினார்.

"கிரகணத்தன்னிக்குத் தம்பி மாடியில ரம்பம் போட்டுகினு இருந்தாருங்க. நான் துணி எடுக்க வந்தப்போ என் கண்ணால பாத்தேன். அப்பவே என் மனசுக்குப் பகீர்னுச்சு."

என்னைத்தான் பார்த்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி மறைத்ததால் அவளைப் பார்க்கவில்லை. அந்த வார்டில் இருந்த எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே மாப்ள" என்று அழ ஆரம்பித்தார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நானும் பிடிச்சேன் அம்மா என்று சொல்வாள் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். பிறகு நானே வேண்டாம் என்று நினைத்தேன். பச்சை உடம்புக்காரி. அவள் பலகை பிடித்தாள் என்று தெரிந்தால் அவளைச் சாகும்வரை குதறிவிடுவார்கள். பழி என் மேல் விழுந்து போகட்டும், ஆம்பளை தாங்குவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இன்று அந்தப் பெருமையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமியாரிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "கிரகணம் வந்தப்ப அஞ்சாம் மாசம் அத்தை. அதுக்கு ரொம்ப முன்னாடியே உதடு சேர்ற வேலை முடிஞ்சுடுதாம்."

"அதான் நானும் சொல்றேன். சேந்திருந்த உதட்டைத்தான் உங்க ரம்பம் பொளந்துடுச்சு" என்றார்.

இதற்கு எந்த டாக்டர் பதில் சொல்வார்?

பிள்ளையால் பால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சி, பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். வேலை முடிந்ததும் நெல்லித்தோப்புக்குப் போய் நான்தான் ஊற்றுவேன். நான் மடியில் வாங்கும்போதெல்லாம் மாமியார் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். ஞானஸ்நானத்தன்று பங்குச் சாமியார் எங்களைத் தனியாக நிறுத்தி, கிரகணம் அது இது என்பதெல்லாம் மூடநம்பிக்கை, பிள்ளை கடவுள் கொடுத்தது என்றார். "ஆமாங்க ஃபாதர், ஆமாங்க ஃபாதர்" என்று மாமியார் தலையை ஆட்டினார். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி பரிமாறிக்கொண்டே வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் ரம்பக் கதையைச் சொன்னார்.

அன்றுதான் என் மனைவியின் குரலையும் கேட்டேன். நான் பக்கத்து அறையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பெரியம்மா, "நீயாச்சும் தடுத்திருக்கக் கூடாதாடி?" என்று கேட்டார்.

"சொன்னேன் பெரிம்மா. எங்க கேட்டாரு?" என்றாள்.

நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அம்மாவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனியாக இருக்கும்போது என்னிடம் வந்து, மன்னிச்சுக்குங்க, வேற வழி தெரியல என்பாள் என்று நினைத்தேன். ராத்திரி அவள் பிள்ளையின் துணியை மடித்துவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள்.

ஐந்தாம் மாதம் பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்தத் தொட்டில் வீட்டில் இருக்கக் கூடாது. நான் முடியாது என்றேன். என் பிள்ளை அதில் ஒருநாளாவது படுக்க வேண்டும், அதற்குத்தானே அந்தப் பாடு பட்டேன்? மனைவி என்னைப் பார்க்காமலே, "எங்கம்மா சொல்றதை ஒரே ஒரு தடவை கேட்டாத்தான் என்ன?" என்றாள். அந்த 'ஒரே ஒரு தடவை' எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றாள். அந்த இடத்தில் ஸ்பிரிங் தூளி மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டு ஒன்று நின்றது, மாமியார் வாங்கி அனுப்பியது.

கொஞ்ச நாள் கழித்து வைத்திக்குப்பம் பக்கம் மீன் வாங்கப் போனபோது ஒரு காய்கறிக் கடை வாசலில் என் தொட்டிலைப் பார்த்தேன். நிறைய வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு கடைக்காரர், "நல்ல காத்தோட்டம் சார், ஒரு காய் அழுகுறது இல்ல" என்றார். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இன்றைக்கு மகளின் மேலுதட்டில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். பேச்சில் குறை இல்லை, கேள்வி கேட்டு ஆளைக் கொல்கிற வாய். ஆனால் கதை ஆறவில்லை. என் மனைவி சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஒரு தடவை படுக்கையிலிருந்தே கத்தியதாகச் சொன்னாள். இன்னொரு தடவை மாடிப்படிவரை வந்து கெஞ்சியதாக. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்றைக்காவது, நாங்கள் இரண்டு பேரும் கிழடாகி, மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்வாள் என்று ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன். ஊர் என்ன சொன்னாலும் எனக்கு அது ஒன்று போதும்.

இந்த வருஷம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். போன மாதம் கூட்டிவரப் போனபோது மிஸ் என்னை ஓரமாக அழைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா கிளாஸ்ல எல்லார்கிட்டயும் அப்பா ரம்பத்தால என் உதட்டை அறுத்துட்டாருன்னு சொல்றா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

பிறவியிலேயே பிளவு, ஆபரேஷன் செய்தது என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். ஆனாலும் பிள்ளையை என்னோடு அனுப்பும்போது ஒரு நொடி தயங்கினார்.

வீட்டில் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "புள்ளகிட்ட என்னா சொல்லி வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"கண்ணாடி பாத்து ஏன் கோடு இருக்குன்னு கேட்டா. சொன்னேன். பொய்யா சொல்லிட்டேன்?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். "அன்னிக்குப் பலகையோட அந்த முனையைப் புடிச்சது யாரு?"

"எந்தப் பலகை?"

"தொட்டில் பலகை. கிரகணத்தன்னிக்கு மாடியில."

அவள் மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் எப்படிங்க புடிப்பேன்? கதவைச் சாத்திகிட்டு உள்ள படுத்திருந்தேன். ஸ்க்ரீனைக்கூட விலக்கலையே. என்னங்க பேசுறீங்க?"

அவள் முகத்தில் பொய்யைத் தேடினேன். இல்லை. பொய் சொல்கிறவள் என்றால் ஒருநாள் உண்மையைச் சொல்லக்கூடும். இவள் நிஜமாகவே அந்த அறையில்தான் படுத்திருந்தாள். மாடியில் நான் மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

மகள் ஒரு காலில் ஷூவோடு வந்து நடுவில் நின்றாள். "நீயாப்பா அறுத்த?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வயதுக்கு அவளுக்கு என்ன புரியும்? அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அறுத்தார்கள் என்றுதான் புரியும். "தெரியாம அறுத்துட்டேம்மா" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்லப்பா. வலிக்கல" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டு இன்னொரு ஷூவைக் கழற்றப் போனாள்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னை அன்பாகப் பார்த்தாள்.

"இதை அன்னிக்கே ஒத்துகிட்டு இருந்தா எனக்கு எப்பவோ ஆறியிருக்குங்க" என்றாள்.